பழைய லீ-என்ஃபீல்டு ரைபிள் விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ஒன்றை விற்கிறார். 'யு.எஸ். பிராப்பர்டி' என்று முத்திரை இருக்கிறது. அமெரிக்க ராணுவம் பயன்படுத்தியது, அதனால் விலை கூடுதல் என்கிறார். கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்:

முதலில் அந்த முத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். அது அமெரிக்கப் படை தூக்கிக்கொண்டு போன ரைபிள் இல்லை. அமெரிக்கக் காலாட்படைக்குக் கொடுத்தது எம்1 கேரண்ட் என்ற வேறு ரைபிள். 1941-இல் வந்த லென்ட்-லீஸ் சட்டத்தின்படி பிரிட்டனுக்கு ஆயுதம் அனுப்பியபோது, கணக்கில் அது இரவல். அதனால்தான் அமெரிக்க அரசின் சொத்து என்று அடித்து அனுப்பினார்கள். செய்தது சாவேஜ் நிறுவனம், மாசசூசெட்ஸில் சிக்கபீ ஃபால்ஸ் என்ற ஊரில். வரிசை எண்ணின் நடுவில் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்த ஊரைக் குறிக்கும். பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், ஆகவே அபூர்வமும் இல்லை. பெரியவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கு விற்றவர் அப்படிச் சொல்லியிருப்பார். அந்தக் கதைக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ரைபிளைக் கையில் வாங்கியதும் லோடு ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேராக மரத்தைப் பாருங்கள். எல்லோரும் குழலுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது முன்கட்டையைத்தான். போருக்குப் பிறகு இவை கொள்ளை மலிவாக விற்றன. வாங்கிய வேட்டைக்காரர்கள் எடை குறைய வேண்டும் என்று முன்கட்டையைப் பாதியில் அறுத்து எறிந்தார்கள். ராணுவ வடிவில் முனை வரை மரம் ஓடும், மேலே கை சுடாமலிருக்க இன்னொரு மரமூடி இருக்கும். அது இல்லையென்றால் சேகரிப்பவர்கள் தரும் விலையில் பெரும்பகுதி போயிற்று.

ஆனாலும் அறுத்த ரைபிள்களிலும் இரண்டு ரகம் உண்டு. குழலின் நுனியில், குறிபார்க்க உதவும் முன்குறிக்குச் சற்று முன்னால், பயனெட் என்ற முனைக்கத்தியை மாட்டும் சின்னச் சின்ன இரும்புப் புடைப்புகள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் குழலை அறுக்கவில்லை, மரத்தை மட்டும் தேடி வாங்கிப் பழையபடி ஆக்கலாம். ஆனால் மரமும் பட்டைகளும் தனித்தனியாக வாங்கும் செலவைக் கூட்டினால், பல நேரம் முழுசாக இருக்கிற ரைபிளையே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். புடைப்பு இல்லை, அல்லது பின்குறியைத் தாங்கும் காதுகளைத் தேய்த்து டெலஸ்கோப் மாட்டியிருக்கிறார்கள் என்றால், அது இனி வேட்டைத் துப்பாக்கி. அந்த விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

அடுத்தது குழல். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், சுட்ட பிறகு ஒருவகை உப்பை விட்டுப் போகும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் வைத்த குழல்களில்தான் பள்ளம் விழுந்திருக்கும். கறுப்பாகத் தெரிந்தவுடன் பயந்து ஓட வேண்டாம். வெள்ளைத் துணி விட்டுத் துடைத்துப் பாருங்கள், பாதி சமயம் அழுக்குதான். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால், உள்ளே கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நன்றாகவே சுடும். ஐந்து வரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இரண்டு தெரிந்தால் பதற வேண்டாம். போர்க்கால அவசரத்தில் சாவேஜ் இரண்டு வரிக் குழல்களும் போட்டது.

நுனித் தேய்மானம் வேறு விஷயம். சிப்பாய்கள் கயிற்றில் துணி கட்டி இழுத்துத்தான் சுத்தம் செய்வார்கள். கயிறு ஒரே பக்கமாக உரசி நுனியைத் தின்றிருக்கும். இந்த ரைபிளுக்கான .303 அளவில் மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றின் குண்டு முனையைக் குழலின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். தோட்டாவின் பித்தளை உறை வரைக்கும் தடையில்லாமல் உள்ளே போய்விட்டால் குறிபார்த்துச் சுடுவதை மறந்துவிடலாம்.

அப்புறம் எண்கள். ரைபிளின் இடப்பக்கம், கைப்பிடிக் கட்டை சேரும் இடத்தில் ஓர் எண் இருக்கும். போல்ட் கைப்பிடியின் பின்புறமும் ஓர் எண். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறு என்றால் விலை குறையும் என்பது ஒரு பக்கம், சுடுவதற்கு முன் ஹெட்ஸ்பேஸ் பார்த்தே ஆக வேண்டும் என்பது இன்னொரு பக்கம். தோட்டாவின் பின்பகுதி போல்ட்டோடு எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறது என்ற அளவு அது. இடைவெளி அதிகமானால் சுடும்போது பித்தளை உறை இரண்டாகப் பிய்யும். நம்பர் 4-இல் போல்ட்டின் தலை மட்டும் திருகிக் கழற்றும்படி இருக்கும். அதில் 0 முதல் 3 வரை ஓர் எண் பொறித்திருக்கும், எண் கூடினால் நீளம் கூடும். ஏற்கெனவே 3 போட்டும் 0.074 அங்குல கேஜின் (அளவுக்கட்டை) மேல் போல்ட் மூடுகிறதென்றால் அதை விட்டுவிடுங்கள். துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோனால் இதைச் சில நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

'டி.பி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் எங்காவது அடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கவாத்துப் பயிற்சிக்கு மட்டும் என்று ராணுவமே ஒதுக்கிவைத்தது என்று பொருள். சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் வாங்குங்கள், என்னைக் கேட்டால் நல்ல ரைபிள். விலை பேசும்போது இணையத்தில் ஆட்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். .303 தோட்டாவின் இன்றைய விலையையும் பார்த்துவிடுங்கள். .308 என்ற பரவலான தோட்டாவைப் போல எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்காது.

நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. பெரியவரிடம் பேசுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். பின்னால் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற நினைப்பும் வேண்டாம். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்த அதே திரீ நாட் திரீ (.303), இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. அதனால்தான் அங்கே இதே லீ-என்ஃபீல்டு அமைப்பை வைத்துக்கொண்டு, உரிமதாரர்களுக்கென்று .315 அளவில் தனியாகச் செய்து விற்றார்கள்.