கூப்பர் பிளாக்: குண்டு எழுத்துக்கு ஒரு கேள்வி பதில்

கேள்வி: சார், இந்தக் கூப்பர் பிளாக் எழுபதுகளில் வந்த ஆங்கில எழுத்துருதானே? கஸ்டமர்கள் அப்படிச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

பதில்: அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922-ல் வெளியிட்டது. ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை, ஓரளவுக்கு மேல் நெருக்க முடியாது. எழுத்தை ஃபிலிமில் ஒளியால் பதிக்கும் போட்டோ டைப்செட்டிங் வந்ததும் அந்தத் தடை போய்விட்டது. கஸ்டமர் மனதில் இருக்கும் 'எழுபதுகள்' அந்த நெருக்கம்தான். வெறுமனே ஃபான்டை மாற்றினால் அது வராது.

கேள்வி: எவ்வளவு நெருக்கலாம்?

பதில்: இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் டிராக்கிங்கை, அதாவது எல்லா எழுத்துக்கும் பொதுவான இடைவெளியை, மைனஸ் 20-ல் தொடங்குங்கள். 60 பாயிண்டுக்கு மேல் மைனஸ் 40 வரை போகலாம். பிறகு ஜோடி ஜோடியாகக் கையால் இடைவெளியைச் சரிசெய்யணும், அதுதான் கெர்னிங். இரண்டு எழுத்துகள் தொட்டும் தொடாமலும் நின்றால் அச்சில் அழுக்கு மாதிரி இருக்கும்; ஒன்று மெல்லிய இடைவெளி தெளிவாகத் தெரியணும், இல்லையென்றால் நன்றாக ஏறி உட்காரணும்.

கேள்வி: முழுக்க கேப்பிட்டலில் போடலாமா?

பதில்: இரண்டு மூன்று எழுத்துப் பெயர் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம். இதன் குறும்பெல்லாம் ஸ்மால் லெட்டரில்தான் இருக்கிறது: 'o'வின் உள்வட்டம் பின்பக்கம் சாய்ந்திருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை ஸ்கிரீன் பிரிண்ட். ஸ்மால் 'e', 'a' கண்ணெல்லாம், அதாவது உள்ளே இருக்கும் ஓட்டையெல்லாம், அடைத்துவிட்டது.

பதில்: முதலில் 'போல்ட்' பட்டனை அமுக்கினீர்களா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வரும் கூப்பர் பிளாக்கில் தனி போல்ட் கிடையாது. அமுக்கினால் மென்பொருள் விளிம்பைத் தானாக ஊதிவிடும், கண் சுருங்கும். அடுத்தது மை. கறுப்புத் துணியில் வெள்ளை எடுபட மையை இரண்டு தடவை இழுப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் மை உள்பக்கம் பரவும். ஸ்கிரீனுக்கான ஃபிலிம் போடுமுன் 'e'யின் கண்ணை அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். இடமில்லையா, அந்த வரியை வேறு மெல்லிய எழுத்துருவுக்குத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: அவுட்லைன் கொடுத்தால் எழுத்து மெலிகிறதே?

பதில்: கோடு விளிம்பின் நடுவில் ஏறுவதால் பாதி உள்ளே தின்றுவிடுகிறது. கோரல் டிரா மென்பொருளில் கோட்டை ஃபில்லுக்கு, அதாவது எழுத்தின் உள்நிறத்துக்கு, பின்னால் அனுப்புங்கள். வெளியே 4 பாயிண்ட் தெரியணுமென்றால் 8 கொடுங்கள். மூலையை ரவுண்டாக வையுங்கள். கூர்மூலை வந்தால் இந்த எழுத்தின் முகமே மாறிவிடும்.

கேள்வி: கூடவே தமிழும் வேண்டும். எதைச் சேர்ப்பது?

பதில்: இதில் தமிழ் எழுத்து இல்லை. தட்டினால் கணினி வேறு எழுத்துருவைத் தானாகப் போட்டுவிடும். பலூ தம்பி 2 என்ற தமிழ் எழுத்துரு இலவசம், எடை (தடிமன் அளவு) 800 வரை உண்டு, உருண்டை ஒத்துப்போகும். இரண்டுக்கும் ஒரே பாயிண்ட் அளவு வைக்காதீர்கள். கோட்டின் தடிமன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்வரை தமிழைப் பெரிதாக்குங்கள். மேல் வரியின் கீழ்வளைவும் கீழ் வரியின் மேல்சுழியும் இடிக்காமலிருக்க வரி இடைவெளியைத் தமிழுக்குத் தனியாகக் கூட்டுங்கள்.