சர்வதேச நிதியியல் முதுகலை: சேலம் மாணவர்கள் கேட்டவை

பி.காம். முடித்திருக்கிறேன். கணிதம் என்றாலே பயம். இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா மேடம்? (அம்மாபேட்டை மாணவி)

ஒத்துவரும். வகையீடு, மடக்கை, நிகழ்தகவு ஆகிய மூன்றையும் வகுப்பு தொடங்குமுன் கற்றுவிடுங்கள். மற்றவை பின்னால் வரும்.

வட்டி விகிதச் சமநிலையை எத்தனை முறை படித்தாலும் மறந்துவிடுகிறது. (ஓமலூர்)

தம்பி, பணத்தை இங்கே போட்டாலும் அங்கே போட்டாலும் முடிவில் ஒரே பலன் என்பதுதான் அந்தச் சமநிலை. சூத்திரத்தை மூடிவைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டாலர் 80 ரூபாய், இங்கே வட்டி 7 சதவீதம், அமெரிக்காவில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80 ரூபாய் இங்கே ஓராண்டில் 85.60 ஆகும். அதையே டாலராக்கி அங்கே போட்டால் 1.04 டாலர். இரண்டும் சமமாக இருக்க, ஓராண்டு முன்பேர விலை (ஓராண்டு கழித்து டாலரை மாற்ற இன்றே பேசி முடிக்கும் விலை) 85.60-ஐ 1.04 ஆல் வகுத்தால் வரும் சுமார் 82.31. யாராவது 84 ரூபாய் தருவதாக இன்றே ஒப்பந்தம் போட்டால், இங்கே கடன் வாங்கி, டாலராக்கி, அங்கே வட்டிக்குவிட்டு, முன்பேரத்தில் விற்று லாபம் பார்க்கலாம். பலரும் அதில் இறங்கும்போது விலை தானே இறங்கிவிடும். ஆனால் 2008 உலக நிதி நெருக்கடியில் டாலர் கிடைப்பதே அரிதாகி, பெரிய நாணயங்களில்கூட இந்தச் சமநிலை குலைந்தது. ஏன் குலைந்தது என்று எழுதத் தெரிந்தவரே பாடத்தைப் புரிந்துகொண்டவர்.

எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம். வாங்குவதும் விற்பதும் ரூபாயில்தான். எங்களுக்கு ஏது நாணய அபாயம்?

நிச்சயம் இருக்கிறது. உலகச் சந்தையில் வெள்ளிக்கு விலை டாலரில், 31.1 கிராம் கொண்ட ட்ராய் அவுன்சுக்குச் சொல்லப்படுகிறது. அந்த விலை அசையாவிட்டாலும் ரூபாய் சரிந்தால் உங்கள் சரக்கின் மதிப்பு ஏறும். ரூபாய் வலுத்தால் இறங்கும். வெள்ளியை எடைக்கு வாங்கி, எடைக்கே திருப்பித் தந்து கூலி பெறும் பட்டறைக்காரருக்கு அந்த அபாயம் இல்லை. அப்பாவின் கணக்கேட்டை எடுத்து, எவ்வளவு சரக்கு எத்தனை நாள் கையில் நிற்கிறது என்று பாருங்கள். பாடப்புத்தகத்தில் இடர்காப்பு, அதாவது விலை மாற்றத்தால் வரும் நட்டத்தைத் தடுக்கும் வழி பற்றிய அத்தியாயம் பிறகு எளிதாகும்.

ஆய்வேட்டுக்கு ரூபாயின் மதிப்பைக் கணிக்கும் தலைப்பை எடுக்கலாமா? (ஏற்காடு)

வேண்டாம் அம்மா. குறுகிய காலத்தில் நாணய மாற்று விகிதத்தைக் கணிப்பதில், 'நாளையும் இன்றைய விலைதான்' என்ற எளிய யூகத்தைப் பெரிய பொருளாதார மாதிரிகளால் வெல்ல முடியவில்லை என்று மீஸ், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1983-இல் காட்டினார்கள். உங்கள் மலையிலேயே நல்ல தலைப்பு இருக்கிறது. அரபிகா காப்பிக்கு நியூயார்க் சந்தை விலை சொல்கிறது, ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று. அந்த விலையும் டாலர் விகிதமும் மாறினால், தோட்டத்தில் விவசாயி கையில் வாங்கும் விலை எவ்வளவு, எத்தனை வாரத்தில் மாறுகிறது? ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வேகமா? இதை யாராவது ஒழுங்காக அளந்து தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ரூபாய் விகிதத்தை ரிசர்வ் வங்கி இலவசமாகவே தருகிறது. தோட்ட விலைக்கு மட்டும் நீங்கள் வியாபாரிகளிடம் நடக்க வேண்டும்.

வெளிநாட்டில் படிக்க ரூபாயில் கல்விக்கடன். எதைக் கவனிக்க வேண்டும்? (ஆத்தூர்)

கடன் தொகை ரூபாயில் முடிவாகிவிடும். இரண்டாம் ஆண்டுக் கட்டணமோ டாலரில் வரும். இடையில் ரூபாய் 5 சதவீதம் சரிந்தாலும் எவ்வளவு குறையும் என்று இப்போதே கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கூடுதலாகக் கேளுங்கள். அங்கேயே வேலை கிடைக்கும் என்று எண்ணித் தவணையைத் திட்டமிடாதீர்கள். சேலத்துச் சம்பளத்தில் கட்ட முடிகிற தொகையா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.