ஏழு நாள் தூக்கமும் ஒரே பேனாவில்

கேள்வி: பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிறேன். நேரத்துக்கு வருவது, வார்ம்-அப், தூக்கம் போன்ற நல்ல பழக்கங்களை அவர்களிடம் எப்படிக் கொண்டுவருவது? ஒரு வாரம் செய்கிறார்கள், அப்புறம் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வாரம் செய்கிறார்கள் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். என் பிள்ளைகள் ஒரு நாள்கூடச் செய்யவில்லை. செய்ததாக எழுதினார்கள்.

பதினோரு வருடமாகக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அடிப்படைச் சான்றிதழ்தான் வைத்திருக்கிறேன், பெரிய லைசென்ஸ் எதுவும் கிடையாது. ஆகவே இதை நிபுணர் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் விசில் வாங்கிய உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் திருத்திவிட நினைப்பவர் என்று ஊகித்துத்தான் எழுதுகிறேன். நான் அப்படித்தான் இருந்தேன்.

மூன்றாவது வருடம். தூக்கத்தைப் பற்றி எங்கோ படித்தேன். ஆறு முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் சொன்ன பரிந்துரை. படித்ததும் கை சும்மா இருக்குமா? பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தேன். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது எழுந்தேன், எவ்வளவு தண்ணீர் குடித்தேன், வீட்டில் ஸ்ட்ரெச்சிங் செய்தேனா, கடைசியில் பெற்றோர் கையெழுத்து. சனிக்கிழமை மாலை சோதனை. முழுசாக நிரப்பியவர்களில் ஒருவருக்கு அடுத்த மேட்சில் கேப்டன் பட்டை.

முதல் சனிக்கிழமை பதினேழு நோட்டுகள் பிரமாதம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு பையனின் நோட்டில் வியாழனிலிருந்து சனி வரை மை ஒரே இழுப்பாக ஈஷியிருந்தது. சரி, உற்றுப் பார்ப்போம் என்று பார்த்தால், சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் படுத்ததாக எழுதியிருக்கிறான். நான் பார்த்துக்கொண்டிருப்பது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. கீழே பெற்றோர் கையெழுத்தும் இருந்தது.

கத்தினேன். எல்லோருக்கும் ஐந்து ரவுண்டு. அடுத்த வாரம் நோட்டுகள் திருந்தி வந்தன. திங்கள் நீல மை, செவ்வாய் கறுப்பு, புதன் பச்சை. ஒருவன் இரண்டு நாளைப் பென்சிலில் எழுதியிருந்தான். அந்த உழைப்பைப் பந்தில் காட்டியிருந்தால் நாங்கள் ஒரு கோப்பையாவது வாங்கியிருப்போம்.

பதினெட்டில் ஒரு நோட்டு மட்டும் முதல் வாரத்திலிருந்தே ஓட்டையாக இருந்தது. எங்கள் கோல்கீப்பர் பெண்ணுடையது. "11.30. அண்ணன் டிவி பார்த்தான்", "மறந்துட்டேன்", "ஸ்ட்ரெச்சிங் இல்லை" என்றெல்லாம் எழுதியிருந்தாள். மூன்று வாரமும் அவளுக்குப் பட்டை கிடைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் அக்கறையா இரும்மா" என்று அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் அழவில்லை, வாதாடவில்லை. "நிஜத்தை எழுதினா பட்டை கிடைக்காதுன்னு தெரியும் சார்" என்றாள், மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. பழக்கம் உருவாக்குகிறேன் என்று கிளம்பிப் பதினேழு பேருக்குப் பொய்க்கணக்கு எழுதப் பழக்கியிருக்கிறேன்.

நோட்டைத் தூக்கிப்போட்டேன். என் கண் எட்டாத வீட்டுக்குள் கையை நீட்டுவதை விட்டுவிட்டு, மைதானத்தில் என் கண்முன் நடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு சீசனில் பத்து தேசியப் பட்டங்கள் வென்ற கோச் ஜான் வுடன், ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் வீரர்களுக்கு சாக்ஸ் போடுவது எப்படி, லேஸ் கட்டுவது எப்படி என்றுதான் ஆரம்பிப்பாராம். சாக்ஸில் சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பிராக்டிஸ் போச்சு. ஒரு காலத்தில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது எங்கள் கோட்டுக்கு வெளியே பையும் பாட்டிலும், கோட்டைத் தாண்டும் முன் லேஸ் இரட்டை முடிச்சு. முதல் மாதம் இதைத் தவிர வேறு எதையும் நான் கேட்பதில்லை.

அடுத்தது வார்ம்-அப். ஃபிஃபா 11+ என்ற சுமார் இருபது நிமிடப் பயிற்சித் தொகுப்பை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் வீராங்கனைகளிடம் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். அதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வடிவமும் இருக்கிறது. ஆனால் புள்ளிவிவரம் சொல்லி எந்தப் பத்து வயதுப் பையனும் ஒற்றைக்காலில் நிற்கப் போவதில்லை. தினம் ஒரு பிள்ளை முன்னால் நின்று நடத்தும், நானும் வரிசையில் நின்று செய்வேன். என் முட்டி கடக் கடக் என்று சத்தம் போடும், அதைக் கேட்கவே வருகிறார்கள். ஆரம்பத்தில் நான் ஓரமாக நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்களும் பாதி செய்தார்கள்.

தாமதமாக வந்தால் ரவுண்டு ஓடவிடுவதையும் நிறுத்திவிட்டேன். அந்த வயதில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது பெரியவர்கள். வண்டி லேட், தண்டனை பையனுக்கா? அதோடு, ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு ஓட்டத்தை ஆசையாகச் செய் என்றால் எப்படி? அவர்களுக்கு ரொம்பப் பிடித்த குட்டி மேட்சை முதல் பத்து நிமிடத்துக்கு மாற்றினேன். இப்போது பிள்ளைகளே வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள்.

"எங்க காலத்துல கோச் அடிச்சுத்தான் வளர்ந்தோம்" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள், தெரியும். கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிரணிப் பிள்ளையைக் கேலி செய்தால் என்னிடம் உடனே பெஞ்ச்தான், அது அணியின் நட்சத்திரமாக இருந்தாலும்.

இன்னொன்று, 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கதையை நம்பாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில் ஒரு பழக்கம் படிய இடைநிலையாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டால் பெரிய நஷ்டமில்லை என்றும் தெரிந்தது. அவர்கள் பெரியவர்கள், தினமும் செய்தவர்கள். வாரம் மூன்று பிராக்டிஸ் என்றால் 66 தடவை வருவதற்கே 22 வாரம். உங்கள் ஒரு வாரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

பழக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது, பிள்ளைகளைவிடப் பெற்றோர் குரூப்தான் எனக்குத் தலைவலி. "நாளை ஆறு மணிக்குப் பிராக்டிஸ்" என்று நான் போட்டால், அதன் மேல் முப்பது காலை வணக்கப் பூங்கொத்து, நாலு உடல்நலக் குறிப்பு, ஒரு தொலைந்த நாய். அப்புறம் ராத்திரி 11 மணிக்கு ஒருவர், "நாளைக்குப் பிராக்டிஸ் உண்டா சார்?" இதற்கு ஏதாவது பயிற்சித் தொகுப்பு இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

தூக்கத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் முடியவில்லை. வார்ம்-அப்புக்கு முன்னால், "நேத்து யாரெல்லாம் லேட்டாப் படுத்தீங்க?" என்று மட்டும் கேட்கிறேன். கை தூக்கினால் திட்டு கிடையாது, அன்றைக்கு அவர்களுக்கு ஓட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஓட்டம் குறையும் என்பதற்காகவே சிலர் தூக்குகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். போன வாரம் கேட்டபோது ஆறு கை உயர்ந்தது. ஏழாவது கை என்னுடையது. பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து இந்த மாதிரிப் பதில்களை எழுதினால் வேறென்ன ஆகும்.