காட்சி மாறும் வேகம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், வீடியோவில் ஒரு காட்சி அடுத்ததாக மாறும் டிரான்சிஷன் பற்றியவை. பொங்கல், தைப்பூசம், கல்யாணம் என்று வீட்டுக்கு வீடு எடிட்டிங் நடக்கிறது போலும். எல்லோருக்கும் பயன்படுகிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சமூக மன்றத்தில் நடந்த பொங்கல் விழாவை பிரீமியர் ப்ரோ மென்பொருளில் எடிட் செய்கிறேன். கோலப்போட்டி முடிந்து மேடை நடனம் தொடங்கும் இடத்தில் 2 நொடி கிராஸ் டிசால்வ் (ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெளிவது) வைத்தால், நடுவில் படம் உறைந்துபோகிறது. 1 நொடிக்குக் குறைத்தாலும் அதே கதைதான். – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கோளாறு வேகத்தில் இல்லை, கிளிப்பில் மிச்சம் இல்லை. டிசால்வ் ஓடும் நேரம் முழுக்க இரண்டு கிளிப்பும் சேர்ந்தே ஓடியாக வேண்டும். இரண்டு கிளிப்பும் சேரும் கட்டை நடுவாக வைத்து 2 நொடி டிசால்வ் என்றால், கோலம் வரும் கிளிப் கட்டைத் தாண்டி இன்னும் 1 நொடி ஓட வேண்டும். நடனக் கிளிப் கட்டுக்கு 1 நொடி முன்பே தொடங்க வேண்டும். பதிவானதை முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை அப்படியே டைம்லைனில் (கிளிப்புகளை அடுக்கும் பட்டையில்) வைத்துவிட்டால் அந்த உபரிக்கு இடமே இல்லை. பிரீமியர் ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்பக் காட்டி ஒப்பேற்றும். அதைத்தான் உறைந்ததாகப் பார்க்கிறீர்கள்.

டைம்லைனைப் பெரிதாக்கிப் பாருங்கள். டிரான்சிஷன் பெட்டியில் சாய்வுக் கோடுகள் இருந்தால் ஃபிரேம் மறுபடி மறுபடி வருகிறது என்று பொருள். கிளிப்பின் மேல்மூலையில் சின்ன முக்கோணம் இருந்தால், பதிவு அங்கேயே தீர்ந்துவிட்டது.

சரிசெய்ய, 'பி' விசையை அழுத்தி ரிப்பிள் எடிட் கருவியை எடுங்கள். முதல் கிளிப்பின் வாலில் 1 நொடி, இரண்டாவதன் தலையில் 1 நொடி உள்ளே தள்ளுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் அது பக்கத்துக்கு 25 ஃபிரேம். மொத்த நீளம் 2 நொடி குறையும். அடியில் பாட்டு இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டிரான்சிஷனை இரட்டைக் கிளிக் செய்து நீளத்தைக் கொடுங்கள்.

வெட்ட மனமில்லை, ஒரு பக்கம் மட்டும் உபரி இருக்கிறது என்றால் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் அலைன்மென்ட்டை மாற்றலாம். 'ஸ்டார்ட் அட் கட்' என்றால் 2 நொடி உபரியும் முதல் கிளிப்பிலிருந்தே போகும். 'எண்ட் அட் கட்' என்றால் இரண்டாவதிலிருந்து. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளிலும் கணக்கு இதேதான். உபரி போதவில்லை என்றால் கிளிப்பை ட்ரிம் செய்யட்டுமா என்று அதுவே கேட்கும். புகைப்படங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். அடுத்த விழாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் 3 நொடி சும்மா ஓடவிடுங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

கேள்வி: பிரிஃபரன்சஸில் டிரான்சிஷன் நீளத்தை மாற்றிய பிறகும் பழைய டிரான்சிஷன்கள் மாறவில்லை. புதியவையோ ஒரு ப்ராஜெக்ட்டில் மெதுவாகவும் இன்னொன்றில் வேகமாகவும் வருகின்றன. – வாசகர், தெம்பனிஸ்

பதில்: இவை இரண்டு தனிப் பிரச்சினைகள். பிரிஃபரன்சஸில், டைம்லைன் பகுதியில் நீங்கள் கொடுக்கும் எண் இனி வைக்கப்போகும் டிரான்சிஷன்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே வைத்ததைத் தொடாது. பழையவற்றையும் மாற்ற, கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து 'ஷிஃப்ட் - டி' அழுத்தினால் புதிய நீளத்தில் மறுபடி விழும். ஆனால் கவனம்: ஏற்கெனவே வேறு வகை டிரான்சிஷன் வைத்திருந்தால் அதுவும் டீஃபால்ட் வகைக்கு மாறிவிடும், ஓர் ஒலி குறையக் குறைய அடுத்தது ஏறும் கிராஸ்ஃபேடும் சேர்ந்தே மாறும்.

வேகம் ஏறி இறங்குவதற்குக் காரணம், எண்ணை ஃபிரேமில் கொடுத்திருப்பது. 30 ஃபிரேம் என்பது 25 ஃபிரேம் டைம்லைனில் 1.2 நொடி, 30-இல் 1 நொடி, 60-இல் வெறும் அரை நொடி. கேமராவில் 25, கைப்பேசியில் 30 அல்லது 60 என்று கலந்து எடுப்பவர்கள் எல்லோரும் இதில் மாட்டுவார்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகு இருக்கிறது, அதை நொடிக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தைப்பூசக் காவடி ஊர்வலத்தை, சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை, 20 சிறு கிளிப்புகளாக கேப்கட் செயலியில் வைத்து உறுமி அடிக்கு ஏற்ப வெட்டினேன். டிரான்சிஷன் போட்டதும் தாளம் தப்பிவிட்டது. – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கேப்கட்டில் சில வகை டிரான்சிஷன்கள் இரண்டு கிளிப்பையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைக்கும். அப்போது வீடியோவின் நீளம் குறையும். 20 கிளிப்புக்கு 19 கட்; ஒவ்வொன்றிலும் 0.5 நொடி போனால் கடைசிக் கட் 9.5 நொடி முன்னால் வந்து நிற்கும். பாட்டு இருந்த இடத்திலேயே இருக்கும், படம் ஓடிவிடும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். கிளிப்புகளுக்கு இடையிலுள்ள சின்னக் கட்டத்தைத் தொட்டு, டிரான்சிஷனைத் தேர்ந்து, ஸ்லைடரில் நேரம் வைத்து, 'அப்ளை டு ஆல்' கொடுங்கள். அதன் பிறகு பாட்டை வைத்து, ஒவ்வொரு கிளிப்பின் நீளத்தையும் அடிக்கு ஏற்ப இழுங்கள். ஸ்லைடர் ஓர் எண்ணுக்கு மேல் நகர மறுத்தால், பக்கத்திலுள்ள கிளிப் அவ்வளவு குட்டை என்று அர்த்தம்.

நேரம் எவ்வளவு? நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 0.5 நொடி. டிரான்சிஷன் அதில் பாதி, 0.2 அல்லது 0.3 நொடி இருந்தால் போதும். அதன் நடுப்புள்ளி அடியில் விழ வேண்டும். ஒரு முழு அடிக்கு மேல் நீண்டால் உறுமியின் வேகம் செத்துவிடும். எங்களைக் கேட்டால், 19 இடத்தில் 15-ஐ வெறும் கட்டாகவே விட்டுவிடுவோம். வெள்ளை ஃபிளாஷ் வகையை அடுக்கடுக்காகப் போடவே வேண்டாம்: ஒரு நொடியில் 3 முறைக்கு மேல் திரை மின்னினால் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து.

கேள்வி: டிரான்சிஷன் ஓடும்போது மட்டும் படம் திக்குகிறது. நீளத்தைக் கூட்டினால் சரியாகுமா? – வாசகி, ஈசூன்

பதில்: ஆகாது. அந்த நேரத்தில் கணினி இரண்டு வீடியோவை ஒன்றாகப் பிரித்துக் கலக்க வேண்டியிருக்கிறது. 4கே என்றால் சுமை இன்னும் கூடும். பிரீமியரில் மேலே சிவப்புக் கோடு தெரிந்தால் அந்தப் பகுதிக்கு இன் - அவுட் (தொடக்கமும் முடிவும்) குறித்து, என்டர் அழுத்தி ரெண்டர் செய்யுங்கள், அதாவது கலந்த படத்தை முன்கூட்டியே தயாராக்கிவிடுங்கள். ரிசால்வில் பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷை 'ஸ்மார்ட்' ஆக்கி, சிவப்புக் கோடு நீலமாகும்வரை காத்திருங்கள். அதற்கு முன் வேகத்தை மாற்றவே வேண்டாம். திக்கும் படத்தைப் பார்த்துக் கூட்டிய 2 நொடி, ஏற்றுமதி செய்த கோப்பில் இழுவையாகத் தெரியும்.

கேள்வி: கல்யாண வீடியோவில் படம் அழகாக மாறுகிறது, பேச்சு மட்டும் வெட்டு வெட்டாகக் கேட்கிறது. – வாசகர், செங்காங்

பதில்: படத்தின் டிரான்சிஷன் ஒலியைத் தொடாது, அதற்குத் தனியாக கிராஸ்ஃபேட் வேண்டும். பேச்சுக்கு 2 முதல் 4 ஃபிரேம். அதற்கு மேல் போனால் அடுத்தவர் வாய் திறக்குமுன் அவர் குரல் கசியும். நாதஸ்வரத்துக்கு 1 நொடி தாராளமாக வைக்கலாம். வகை, 'கான்ஸ்டன்ட் பவர்'. 'கான்ஸ்டன்ட் கெயின்' வைத்தால் நடுவில் ஒலி ஒரு கணம் அமுங்கும்.