தம்பி தினமும் அணி கட்டுகிறான்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி டிராஃப்ட்கிங்ஸில் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் தளம்) தினமும் என்பிஏ கூடைப்பந்து அணி கட்டிப் பணம் போடுகிறான். உழைத்தால் இதையே தொழிலாக்கலாம் என்கிறான். நடக்குமா?

பதில்: உழைப்பு எடுபடும்தான். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கற்பனைச் சம்பளம் உண்டு, மொத்தம் 50,000 டாலர் வரம்புக்குள் 8 பேரை எடுக்க வேண்டும். நட்சத்திர வீரர் ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் அவருக்குப் பதிலாக இறங்கும் மலிவான வீரருக்குக் கூடுதல் ஆட்ட நேரம் கிடைக்கும், அந்தச் செய்தியை ஆட்டம் தொடங்கும் முன்பே பிடிப்பதுதான் பாதி வேலை. மீதி கணக்கு. ஆனால் எதிரில் இருப்பவர்கள் மென்பொருள் வைத்து ஒரே போட்டியில் 150 அணிகளை இறக்குகிறார்கள்! 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியில், லாபத்தில் 91 சதவீதம் வெறும் 1.3 சதவீதம் பேருக்கே போனதாக ஓர் ஆய்வு சொன்னது. சரி, ஆசைப்படுகிறான், கட்டணம், வரவு இரண்டையும் ஒரு சீசன் முழுக்க எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதுவரை வேலையை விட வேண்டாம்.