பாட்டு வாத்தியாரின் தோல்வி

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஹாஸ்டல் நண்பர்களோடு ‘படோசன்’ என்ற பழைய இந்திப் படம் பார்த்தேன். ‘ஏக் சதுர் நார்’ பாட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் ஒருவன், அதில் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வரும் மெஹ்மூத் மாதிரியே தலையை ஆட்டி என்னைக் கூப்பிட்டபோது சுருக்கென்றது. அந்தத் தமிழ்ப் பாட்டு வாத்தியாரைப் பார்த்து நான் சிரித்தது தப்பா? இந்தக் கதை தமிழில் முன்பே வந்துவிட்டது என்கிறார் அப்பா. உண்மையா?

ஆர்., புனே

அன்புள்ள ஆர்.,

அப்பா சொன்னது சரிதான். 1952இல் வங்காளத்தில் ‘பாஷேர் பாரி’, மறுவருடம் தெலுங்கில் ‘பக்கிண்டி அம்மாயி’, 1960இல் தமிழில் ‘அடுத்த வீட்டுப் பெண்’. இந்திக்குப் போனது 1968இல். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டென்றால் உயிர், அவளைக் காதலிக்கும் இவனுக்கோ பாட வராது. நண்பன் மறைந்து நின்று பாட, இவன் ஜன்னலில் வாயசைப்பான். தமிழில் டி.ஆர். ராமச்சந்திரனுக்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிய ‘கண்ணாலே பேசிப் பேசிக் கொல்லாதே’யை இன்று கேட்டாலும் மனசு இளகிவிடும்.

இனி அந்தப் பாட்டு வாத்தியார், மாஸ்டர் பிள்ளை. குடுமியும் கொச்சை இந்தியுமாக அவரைக் கேலிச் சித்திரமாகத்தான் வரைந்திருக்கிறார்கள். வடக்கே போன நம் ஆட்கள் பலர் அந்தக் கேலியைச் சுமந்திருக்கிறார்கள். உங்களுக்குச் சுருக்கென்றது நியாயம். அந்த நண்பனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்தப் போட்டிப் பாட்டை விட்டுவிடாதீர்கள். மெஹ்மூதுக்குப் பாடியவர் மன்னா டே. சித்தப்பா கே.சி. டேயிடம் முறையாகச் சங்கீதம் கற்றவர். எதிர் ஜன்னலில் கதாநாயகன் சுனில் தத் வாயசைக்க, நண்பனாக ஒளிந்திருந்து பாடுகிறவர் கிஷோர் குமார். முறையாகக் கற்காதவர், திரையிலும் தன் குரலிலேயே பாடுகிறார். பிள்ளை ஸ்வரங்களைச் சுத்தமாக அடுக்கிக்கொண்டு போகிறார். கிஷோர் திடீரென்று வேறு எங்கோ தாவுகிறார், அர்த்தமில்லாத சத்தங்களை நடுவில் வீசுகிறார். பிள்ளை தடுமாறுகிறார், மறுபடி பிடிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. நான் பிள்ளையின் கட்சி. அந்த இரண்டு ஜன்னல்களிலும் தன் சொந்தத் தொண்டையை நம்பி நேருக்கு நேர் நின்றவர் அவர் ஒருவர்தான். எதிரில் வாயசைப்பவனுக்குப் பாட வராது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஒருநாள் படத்தைப் பார்க்காமல், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மன்னா டேயின் பகுதியை மட்டும் கவனித்துக் கேளுங்கள். தோற்கிற இடத்திலும் சுருதி விலகாத குரல் அது.