லூபஸ்: ஆய்வுகூடத்து அக்காட்டக் கேளுங்கோ

நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில கனகாலம் ஆய்வுகூடத்தில வேலை செய்தனான். குளிசையைக் கூட்டுறது, குறைக்கிறது எல்லாம் உங்கட கிளினிக்கில. மற்றதைக் கேளுங்கோ.

கொக்குவிலில இருந்து: மகளுக்கு லூபஸாம். எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுதானே வந்தது? அதைக் கூட்டுற பவுடர் வாங்கவோ அக்கா?

வாங்காதேங்கோ. முருங்கையிலைக் கஞ்சி குடுங்கோ, அது சாப்பாடு. "சக்தி குறைவு" எண்ட கதையாலதான் சனம் குழம்புது. லூபஸில அந்தச் சக்தி சொந்த உடம்பையே அடிக்குது.

உடம்பில ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில கலங்கள் சாகும். அந்தக் குப்பையை அள்ளவெண்டே வேற கலங்கள் இருக்கு. லூபஸில அள்ளுறது பிந்தும். செத்த கலத்தின்ர டி.என்.ஏ. வெளியில கிடக்க, உடம்பு வைரஸ் வந்திட்டுதெண்டு நினைச்சு இன்டர்ஃபெரோன் எண்ட எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கும். ஊர்க்கோயில் மணியை ஆரோ இராவில அடிச்ச மாதிரி எல்லாக் கலமும் எழும்பும். பி கலங்கள் எண்ட வெள்ளைக் கலங்கள் அந்த டி.என்.ஏ.க்கே பிறபொருளெதிரி (அன்டிபொடி) செய்யும். ரெண்டும் ஒட்டிச் சிறுநீரக வடிகட்டியில படிஞ்சு அழற்சியாக்கும். அழற்சியில இன்னும் கலம் சாகும், இன்னும் குப்பை. நோவே இல்லாமல் சிறுநீரகம் பழுதாகலாம். அதுதான் ஒவ்வொரு முறையும் சலத்தில புரதம் பாக்கிறது. போத்தலை வீட்டில மறந்திட்டு வராதேங்கோ, பிள்ளை!

சாவகச்சேரியில இருந்து: ஏ.என்.ஏ. பொசிட்டிவ். லூபஸ்தானோ?

ஏ.என்.ஏ. எண்டது சொந்தக் கலத்தின்ர கருவுக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கோ எண்டு பாக்கிற இரத்தச் சோதனை. அதை மட்டும் வைச்சுச் சொல்லேலாது. லூபஸ்காரரில கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொசிட்டிவ்தான், ஆனா சுகமா இருக்கிற ஆக்களிலயும் வரும். இரத்தத்தில இருக்கிற சி3, சி4 எண்ட எதிர்ப்புப் புரதங்கள் குறைஞ்சிருக்கோ எண்டும் பாப்பினம்.

நல்லூரில இருந்து: 25 நாளும் திருவிழாவுக்குப் போறனான். வெயில் கூடாதாமே?

ஓம். புற ஊதாக் கதிர் தோல் கலங்களைக் கொல்லும், திரும்பவும் அந்தக் குப்பைக் கதைதான். பின்னேரத் திருவிழாவுக்குப் போங்கோ. தேரண்டு காலமை வெயிலில அடியழிக்கிற நேத்தி இருந்தா, முருகனோட பேசி மாத்துங்கோ.

பருத்தித்துறையில இருந்து: லூபஸுக்குத் தந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மலேரியாக் குளிசையெண்டு அம்மா பேசுறா.

அம்மா சொல்றது சரி. இலங்கையில மலேரியா இல்லையெண்டு உலக சுகாதார நிறுவனம் 2016இல சான்று குடுத்திட்டுது, குளிசைக்கு மட்டும் இன்னும் வேலை முடியேல்ல. கலத்துக்குள்ள டி.என்.ஏ.யைக் கண்டு கத்துற இடத்தை அது அமத்தும். குணம் தெரிய மாசக்கணக்காகும், பொறுமை வேணும். கண் கிளினிக்கைத் தவறவிடாதேங்கோ. பிள்ளை தங்கினாலும் நீங்களா நிப்பாட்டக் கூடாது.

வேலணையில இருந்து: லூபஸுக்குப் பிரெட்னிசொலோன் எடுக்கிற தங்கச்சிக்குக் காய்ச்சல், பிளேட்லெட்டும் இறங்கீட்டுது. லூபஸ் எழும்பினதோ, டெங்குவோ?

மாரிகாலத்தில ரெண்டும் ஒரே முகத்தோடதான் வரும். வீட்டிலயிருந்து பிரிக்கேலாது, இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ. போன உடனேயே லூபஸ், பிரெட்னிசொலோன் (ஸ்டீரொயிட் குளிசை) எடுக்கிறவ எண்டு சொல்லுங்கோ. அந்தக் குளிசையைத் திடீரெண்டு விட்டிடாதேங்கோ. நோவுக்கு டிஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கோ.